மூணாறு குளிரில் ஒரு பக்கம் படுத்துவிட்ட கார்: ஏர் சஸ்பென்ஷன், டயர் காற்று பற்றி ஒரு சந்தேகம்

கடலோரக்காரி (மணவாளக்குறிச்சி)
ஜனவரி 19, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் லீவில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டி ஒரு ஜெர்மன் எஸ்யூவி, 2014 மாடல், செகண்ட்ஸில் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. நாலு சக்கரத்துக்கும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை வண்டியைத் தாங்கும். அம்மா, மாமனார், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், பின்னால் டிக்கி நிறைய சாமான். காலையில் கிளம்பி கோவில்பட்டி தாண்டி டீசல் அடிக்கும்போது அங்கே இருந்த பையன் காற்று பார்த்தான். 38 காட்டியது. கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 33 என்று இருப்பதால் நாலிலும் இறக்கி 33 வைக்கச் சொன்னேன். அப்புறம் தேனி, போடி, போடிமெட்டு ஏறி மூணாறு.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வெளியே வந்தால் புல் மேல் வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கிறது, போனில் 3 டிகிரி. வண்டியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. முன்பக்கம் வலது சக்கரத்தில் அப்படியே படுத்திருக்கிறது. மற்ற பக்கங்களில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை நுழைகிறது, அந்தப் பக்கம் இரண்டு விரல்கூடப் போகவில்லை. ஸ்டார்ட் பண்ணினால் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் கர்ர் என்று ஓடிக்கொண்டே இருந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது, டேஷ்போர்டில் மஞ்சள் எழுத்து. வெயில் வந்து அரை மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் எழுந்தது. டயர் காற்று பார்த்தால் 27, 26, 28, 27. மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர்ந்தோம்.

இங்கே வந்த பிறகு வண்டி நேராகத்தான் நிற்கிறது. இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் "அது குளிரால வந்தது, நம்ம ஊர்ல குளிர் ஏது, விட்டுருங்க" என்கிறார்கள். விட்டுவிடலாமா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

---

வடசேரி டிரைவர்
ஜனவரி 19, இரவு 10.25

தங்கச்சி, விடாதீங்க.

நான் இருபது வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன், அதில் ஏழு வருஷம் நாகர்கோவில் – பெங்களூரு இரவு வண்டி, ஏர் சஸ்பென்ஷன். டிசம்பர், ஜனவரியில் கிருஷ்ணகிரி தாண்டும்போது விடியற்காலை குளிர் எப்படி இருக்கும் என்று தெரியும். குளிருக்காக ஒரு பக்கம் மட்டும் வண்டி படுக்காது. குளிர் நாலு சக்கரத்துக்கும் பொது.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பேருந்தில் காலையில் வண்டி எடுக்கும் முன் ஏர் டேங்க்கின் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து விடுவோம், உள்ளே சேர்ந்த தண்ணீர் வடிவதற்காக. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வருகிற தண்ணீரைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், எண்ணெய் கலந்து பால் காப்பி நிறத்தில் வரும். காற்றைத்தானே அடைக்கிறோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று புதுசாக வருகிற பையன்கள் கேட்பார்கள். காற்றில் இருக்கிற ஈரம்தான். அழுத்த அழுத்த அது தண்ணீராகப் பிரிந்துவிடும். அதை எடுக்கத்தான் ஏர் டிரையர். பேருந்து நிற்கும்போது திடீரென்று "புஸ்" என்று ஒரு சத்தம் வருமே, பலருக்கு அது பிரேக் சத்தம் என்று நினைப்பு. பல நேரம் டிரையர் தன் ஈரத்தைத் துப்புகிற சத்தம் அது. அதற்குள் ஈரம் உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் கெட்டுப்போனால் துப்புவது குறைந்து, ஈரம் முழுக்க லைனுக்குள் போய்விடும்.

உங்கள் காரிலும் இதே மாதிரி சின்னதாக ஒரு டிரையர் கம்ப்ரசரோடு ஒட்டியிருக்கும். அதை எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனரிடம் கேட்டுப் பாருங்கள்.

---

தக்கலை வாத்தியார்
ஜனவரி 20, காலை 6.15

முதலில் டயரை முடித்துவிட்டு ஏர் சஸ்பென்ஷனுக்கு வருகிறேன், இரண்டும் வேறு வேறு கணக்கு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "எல்லாம் குளிர்" என்ற பதில் வருகிறது.

தங்கச்சி கோவில்பட்டியில் இறக்கியது சூடான டயரில். இரண்டு மணி நேரம் நாலுவழிச் சாலையில் நடுப்பகலில் ஓடிய டயர். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 33 என்பது ஆறின டயருக்கான அளவு, வண்டி எடுப்பதற்கு முன்னால் அல்லது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் பார்க்க வேண்டியது. ஓடும்போது 4, 5 ஏறுவது இயற்கை, அதை இறக்கவே கூடாது.

இப்போது கணக்கு. கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்த மிச்சம். கடல் மட்டத்தில் வெளிக்காற்று 14.7 பி.எஸ்.ஐ. (டயருக்கு நாம் சொல்லும் 33, 38 எல்லாம் இந்த அளவில்தான்). ஆகவே கேஜில் 33 என்றால் உள்ளே உண்மையில் 47.7. டயருக்குள் 60 டிகிரி இருந்தது என்று வைத்துக்கொள்வோம், அது 30 டிகிரிக்கு ஆறினால் 47.7 என்பது 43.4 ஆகும், கேஜில் 28.7. நீங்கள் 33 வைத்ததாக நினைத்த டயரில் அப்போதே 29-கூட இல்லை. அது மூணாறில் 3 டிகிரிக்கு வந்தால் உள்ளே 39.5.

இதில் 14.7-ஐக் கழித்தால் 25-க்கும் கீழே வந்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் பார்த்தது 26 முதல் 28 வரை. ஏன்? மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்று சுமார் 12.3 பி.எஸ்.ஐ.தான். 39.5-ல் 12.3 போனால் 27.2. உங்கள் நாலு டயரும் சொல்லிவைத்த மாதிரி அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. குளிர் எடுத்ததில் ஒரு பகுதியை மலை திருப்பிக் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைப் பலகையில் எழுதிப் போடும்போது எந்தப் பிள்ளையும் கொட்டாவி விடாமல் கேட்டதில்லை, இப்போது ஒரு டயரில் அப்படியே வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சமவெளிக் குளிர் அப்படி இல்லை. இங்கே 30 டிகிரியில் 33 வைத்துவிட்டு ஜனவரியில் டெல்லி போய் 5 டிகிரி விடியலில் பார்த்தால் 29 சொச்சம்தான் இருக்கும். உயரம் கைகொடுக்காது. பொதுவாக 5, 6 டிகிரி குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ. போகும் என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து ஏர் சஸ்பென்ஷன். டயரின் கன அளவு பெரிதாக மாறாது, அதனால் குளிரில் அழுத்தம் குறைகிறது. ஏர் பெல்லோவில், அதாவது வண்டியைத் தாங்கும் அந்தக் காற்றுப் பையில், நேர்மாறு. அதன் மேல் வண்டியின் எடை உட்கார்ந்திருக்கிறது, எடை மாறாததால் உள்ளே அழுத்தமும் பெரிதாக மாறாது, கன அளவுதான் சுருங்கும். மலை ஏறி வந்த சூட்டில் 35 டிகிரியில் நின்ற காற்று 3 டிகிரிக்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கண்ணால் பார்த்தால் ஒரு விரல் அகலம் இறங்கியிருக்கும், அதுவும் நாலு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு சக்கரம் மட்டும் மட்கார்டைத் தொடுகிறது என்றால் அங்கிருந்து காற்று வெளியே போயிருக்கிறது. டிரைவர் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

---

பார்வதிபுரம் பையன்
ஜனவரி 20, காலை 8.02

சார், அப்போ நைட்ரஜன் போட்டா குளிர்ல குறையாதுன்னு சொல்றாங்களே? நான் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து அதைத்தான் போடுகிறேன்.

---

தக்கலை வாத்தியார்
ஜனவரி 20, காலை 8.30

குறையும் தம்பி. நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் இரண்டுக்கும் ஒன்று. ஈரம் இல்லாமல் வருவது ஒன்றுதான் அதில் நல்லது, ரிம் உள்பக்கம் துரு பிடிக்காது. கையில் ஒரு நல்ல கேஜ் வாங்கி வைத்து வாரம் ஒரு தடவை காலையில் பாருங்கள், அந்தக் காசுக்கு அது மேல்.

---

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
ஜனவரி 20, பகல் 1.50

சாப்பாட்டு நேரம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அக்கா, "ஊருக்கு வந்ததும் வண்டி நேராக நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது பார்த்தீர்கள்? சாவியில் அன்லாக் அழுத்தி, கதவைத் திறந்த பிறகா? இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் அன்லாக் பண்ணினதுமே கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டு உயரத்தைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடும். ரிசர்வ் டேங்க்கில் காற்று இருந்தால் சத்தமே இல்லாமல் ஏறிவிடும். நீங்கள் சாமான் ஏற்றி உட்காருவதற்குள் வண்டி நேராகிவிடும். அதனால் ராத்திரி இறங்கியதே உங்களுக்குத் தெரியாது.

மூன்று நாள் ஒரு வேலை செய்யுங்கள். இரவு நிறுத்தினதும் நாலு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலையில் சாவியைத் தொடாமல் மறுபடி அள‌ந்து எழுதுங்கள். சமதளத்தில் நிறுத்த வேண்டும். நாலும் ஒரே அளவில் லேசாக இறங்கினால் பயமில்லை. ஒன்று மட்டும் இறங்கினால் அந்தப் பெல்லோ, அதன் மேலே குழாய் சொருகும் இடம், அங்கே காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங், இந்த மூன்றில் ஒன்று. ஒரு தடவை இது, மறு தடவை வேறொன்று என்று மாறி மாறி இறங்கினால் நாலு பெல்லோவுக்கும் காற்றைப் பிரித்து விடுகிற வால்வு பிளாக்கைச் சந்தேகப்படுங்கள். அளந்துவிட்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம், உங்களுக்குச் செலவு மிச்சம். அளக்காமல் வந்தால் எந்த ஒர்க்‌ஷாப்பும் முதலில் கம்ப்ரசரைத்தான் மாற்றச் சொல்லும்.

கம்ப்ரசர் நின்றுபோனது கெட்டதால் அல்ல, சூடாகி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. அரை மணி ஆறினதும் ஓடியது, அதனால்தான் வண்டி எழுந்தது, வெயில் வந்ததால் அல்ல. நீங்கள் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போட்டுப் பார்க்காமல் காத்திருந்தது பெரிய புத்திசாலித்தனம். நிறைய பேர் அவசரத்தில் போட்டுப் போட்டுக் கருக்கிவிடுகிறார்கள். சில வண்டிகளில் கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கொண்டு, வண்டி அணைத்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். காரில் உள்ள டிரையர் தன்னைத் தானே உலர்த்திக்கொள்வது எப்படி என்றால், வண்டி உயரத்தைக் குறைக்கும்போது உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பி வெளியே போகும், போகும்போது அதிலுள்ள ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். பெல்லோவில் சின்ன லீக் இருந்தால் காற்று அந்த வழியில் வராமல் ஓட்டை வழியாகப் போய்விடும். கம்ப்ரசர் புதுக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், டிரையர் குடித்துக்கொண்டே இருக்கும், துப்பவே துப்பாது. நம்ம மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. கடலோரத்தில் மழையில்லாத நாளிலும் காற்று பிசுபிசு என்றுதான் இருக்கும். ஒரு சின்ன லீக்கை ஒரு வருஷம் விட்டால் டிரையர், வால்வு பிளாக், கம்ப்ரசர் என்று வரிசையாகப் போவது இதனால்தான். குளிர் பிரதேசத்தில் அந்த ஈரம் உறைந்து வேறு தொலைக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். யாராவது ஆர்வத்தில் அடியில் படுத்துப் பார்க்கிறேன் என்று போகாதீர்கள். ஏர் பெல்லோ மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. ஜாக் மோடு (ஏர் சஸ்பென்ஷன் தானாக ஏறி இறங்காமல் நிறுத்தும் அமைப்பு) போட்டு, ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

---

கல்கரியில் குமரிக்காரன்
ஜனவரி 21, காலை 5.45

இங்கே இப்போது மைனஸ் 24. ஊர் கருங்கல், கனடாவுக்கு வந்து பதினொரு வருஷம்.

மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன "உறைந்து தொலைக்கும்" என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். இங்கே நான் வைத்திருந்த பழைய வண்டியும் ஏர் சஸ்பென்ஷன்தான். டிரையர் செத்துப்போனது எனக்குக் கோடைகாலம் முழுக்கத் தெரியவே இல்லை. முதல் மைனஸ் 20 வந்த அன்று பின்பக்கம் ஏறவே இல்லை, வால்வு பிளாக்குக்குள் ஈரம் உறைந்து வால்வு அசையவில்லை. சூடான கராஜுக்குள் மூன்று மணி நேரம் நிறுத்தினதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே எல்லாம் நல்லா இருக்கும். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை இரவு முழுக்க வெளியில் நிறுத்தச் சொன்ன பிறகுதான் பிடித்தார்கள்.

ரப்பரும் குளிரில் மாறும். காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் டயர் சதுரமாக உருளுகிற மாதிரி தடதட என்று இருக்கும், இரவு முழுக்க ஒரே இடத்தில் அழுந்தி நின்றதால். ஓடி சூடானதும் போய்விடும். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும், பிடிப்பு குறையும், அதனால் இங்கே குளிர்காலத்துக்கு என்று தனி டயர், பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிச்செதிலும் வரைந்திருக்கும். மூணாறு, கொடைக்கானலுக்கு அதெல்லாம் வேண்டாம். ஆனால் நம்ம ஊர் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்துக் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிற பையன்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்கள் ஜனவரியில் போனால் குமரியில் ஓடிய டயரை நம்பிப் பனியில் இறங்க வேண்டாம், சங்கிலி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இங்கே சினூக் என்று ஒரு காற்று மலையிலிருந்து இறங்கும், நம்ம ஆரல்வாய்மொழிக் காற்று மாதிரி வேகம், ஆனால் வெதுவெதுப்பு. ஒரே நாளில் 20, 25 டிகிரி ஏறிவிடும். காலையில் டயர் விளக்கு எரியும், மாலையில் தானே அணைந்துவிடும். புதுசாக வந்தவர்கள் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள், மறுநாள் மறுபடி எரியும். அக்காவின் கதையும் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகிறது, விளக்கு அணைந்ததே தவிர பழுது அங்கேயேதான் இருக்கிறது.

---

குலசேகரம் ரப்பர்
ஜனவரி 21, காலை 11.20

பால் வெட்டு முடிந்து வந்து எழுதுகிறேன். இந்த மாசத்துக் குளிர்ந்த விடியலில்தான் மரம் நல்லா பால் தரும், வெயில் ஏறினால் சொட்டுவது நின்றுவிடும். நமக்குக் குளிர் நல்லது, ரப்பர் சாமானுக்குத்தான் ஆகாது.

பெல்லோ என்பது வெறும் பலூன் இல்லை, ரப்பருக்கு நடுவில் நூல் பின்னல் வைத்தது. வண்டி ஏறி இறங்கும்போது அதன் கீழ்ப்பகுதி உள்பக்கமாக மடங்கி உருளும், வேட்டியை மடித்துக் கட்டினால் ஒரு மடிப்பு விழுமே அது மாதிரி. வருஷக்கணக்கில் அதே இடம் மடங்கி மடங்கி அங்கேதான் முதலில் மயிர்க்கோடு விடும். நம்ம ஊர்ச் சூட்டில் ரப்பர் இளகி இருப்பதால் அந்தக் கோடு ஓரளவு மூடிக்கொண்டு நிற்கும். குளிரில் ரப்பர் விறைத்தால் கோடு வாய் திறக்கும். ஓ-ரிங்கும் அப்படித்தான், விறைத்தால் தான் உட்காருகிற பள்ளத்தை நிரப்பாது. அதனால் குளிர் அந்த ஓட்டையை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைத் திறந்து காட்டியது.

தங்கச்சிக்கு மணவாளக்குறிச்சி என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை. இல்மனைட், சிர்கான், கார்னெட் எல்லாம் கலந்த கனமான மணல். கார்னெட்டைத்தான் உப்புத்தாள் மாதிரி தேய்க்கிற தாள் செய்ய எடுக்கிறார்கள். அந்த மணல் பெல்லோவின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்தால், வண்டி ஒவ்வொரு குழியில் ஏறி இறங்கும்போதும் உள்ளேயிருந்து அரைக்கும். கடற்கரையோரம் நிறுத்தினால் வாரம் ஒரு தடவை வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, நாலு பெல்லோவையும் வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் டீசல், கிரீஸ் எதையும் அதன் மேல் பூச விடாதீர்கள், பளபளப்பாகத் தெரியும், ஆனால் எண்ணெய் குடித்த ரப்பர் ஊதிப் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், அதையும் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் வருஷத்தின் 23-வது வாரம். தேயாமல் இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான், விரலால் பக்கவாட்டை அழுத்தினால் சின்னச் சின்ன வெடிப்பு தெரியும்.

---

கடலோரக்காரி
ஜனவரி 24, காலை 7.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன மாதிரி மூன்று இரவு அளந்தேன். தையல் டேப்தான், அம்மா டார்ச் பிடித்தார்கள்.

முன் வலது மூன்று காலையும் இறங்கியிருக்கிறது: 31 மி.மீ., 38 மி.மீ., 35 மி.மீ. மற்ற மூன்றும் 3, 4-க்கு மேல் இல்லை. இங்கே இரவு 23 டிகிரிதான். அன்லாக் அழுத்தினதும் என் கண் முன்னால் மெல்ல எழுந்து நேராகிறது, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மா அப்போதுதான் சொல்கிறார்கள், "தினமும் காலையில நீ வண்டிய திறந்ததும் அடியில ஒரு சத்தம் கேக்குமே, அது எப்பவும் உள்ளதுன்னு நெனச்சேன்." ஒன்றரை வருஷமாகக் கேட்கிறதாம்.

பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து ஸ்ப்ரேயில் போட்டு, சக்கரத்தை ஒரு பக்கமாக ஒடித்து வைத்து, வெளியிலிருந்து எட்டுகிற இடத்தில் அடித்துப் பார்த்தேன். மடிப்புக்குப் பக்கத்தில், கடுகு அளவு நுரை ஒன்றன் பின் ஒன்றாக வருகிறது. விட்டுவிடலாம் என்று நான் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

---

முட்டம் காற்று
ஜனவரி 24, காலை 9.10

அக்கா, எல்லாத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடுங்கள். என் மச்சான் அப்படித்தான் செய்தார், இரண்டு வருஷமாக ஒரு தொல்லையும் இல்லை. உப்புக்காற்று அடிக்கிற ஊருக்கு ஏர் சஸ்பென்ஷன் ஒத்தே வராது.

---

மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்
ஜனவரி 24, மாலை 6.40

ஸ்பிரிங் மாற்றியும் கொடுத்திருக்கிறேன், அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். ஏழு பேர், டிக்கி நிறைய சாமான் என்று போனால் ஏர் தானாகப் பின்பக்கத்தைத் தூக்கிச் சமன் செய்யும், ஸ்பிரிங் அப்படியே உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அப்புறம் கம்ப்யூட்டர் ஏர் சிஸ்டத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், அதைச் சரியாக அடக்காமல் விட்டால் மஞ்சள் விளக்கு அணையாது. வண்டி பழசாகி, விற்கிற யோசனையும் இல்லை என்றால் ஸ்பிரிங் போடலாம். அக்காவுக்கு இப்போது தெரிந்திருப்பது ஒரே ஒரு பெல்லோ. அதற்காக நாலையும் தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

முன்பக்கம் மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், இடது பக்கமும் அதே வயசு. கூடவே ஓ-ரிங், டிரையர், இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்யுங்கள். டிரையரை விட்டுவிட்டுப் பெல்லோ மட்டும் மாற்றினால் ஆறு மாசத்தில் மறுபடி வருவீர்கள்.

---

கடலோரக்காரி
பிப்ரவரி 6, இரவு 8.55

வேலை முடிந்தது. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

கழற்றிய பெல்லோவை மெக்கானிக் கையில் வைத்து மடிப்பை விரித்துக் காட்டினார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கட்டைவிரலால் இழுத்ததும் நகத்தால் கீறின மாதிரி ஒரு கோடு, அதற்குள் நூல் தெரிந்தது. மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகைக் கருமணல் உதிர்ந்தது, மினுமினு என்று. குலசேகரம் அண்ணன் எழுதியது அப்படியே என் உள்ளங்கையில்.

டிரையரைத் திறந்தபோது இன்னும் மோசம். உள்ளே வெள்ளை உருண்டைகள் தனித்தனியாக உருள வேண்டுமாம். எங்களுடையது நனைந்து காய்ந்த ஜவ்வரிசி மாதிரி கட்டியாக ஒட்டியிருந்தது, அடியில் பொடிந்து குழைந்து விபூதியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி. அந்த மாவு வால்வு பிளாக்கின் வாய் வரைக்கும் போயிருந்தது, நல்லவேளை உள்ளே அடைக்கவில்லை, சுத்தம் செய்து மாட்டினார். இந்த நிலைமையில் டெல்லிப் பக்கமோ அதற்கு மேலேயோ ஓட்டிப் போயிருந்தால் என்று கல்கரி தம்பி எழுதியதை நினைத்துக்கொண்டேன். முன் பெல்லோ இரண்டும், ஓ-ரிங்குகளும், டிரையரும், ரிலேயும் மாற்றியாகிவிட்டது. டயர் இலக்கமும் பார்த்தேன், இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது.

வாத்தியார் சார், ஒரு கேள்வி. 14-ஆம் தேதி கொடைக்கானலில் ஒரு கல்யாணம். போகத்தான் போகிறோம். குளிருக்காக முன்கூட்டியே இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட வைத்துக்கொண்டு போகட்டுமா?

---

தக்கலை வாத்தியார்
பிப்ரவரி 7, காலை 6.05

வேண்டாம் தங்கச்சி. காலையில் வண்டி எடுக்கும் முன், வீட்டு வாசலில், ஆறின டயரில் 33 வையுங்கள். சாமானும் ஆளும் முழுசாக இருந்தால் ஸ்டிக்கரிலேயே முழு பாரத்துக்கு என்று தனி அளவு போட்டிருக்கும், அதை வையுங்கள். வழியில் எங்கேயும் இறக்காதீர்கள், எவ்வளவு காட்டினாலும்.

கொடைக்கானல் மூணாறைவிட உயரம், 2,100 மீட்டருக்கு மேல். வெளிக்காற்று அங்கே 11.4 பி.எஸ்.ஐ. அளவுதான். நீங்கள் விடியலில் 24 டிகிரியில் 33 வைத்துப் போனால், அங்கே 8 டிகிரியில் உள்ளே 45.1 இருக்கும். கழித்தால் 33.7. அதாவது குளிர் எடுப்பதை உயரம் முழுசாகவே கொடுத்துவிடும். காலையில் பார்த்து எழுதுங்கள், என் கணக்கு சரியா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

---

கடலோரக்காரி
பிப்ரவரி 15, காலை 7.50

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். போனில் 9 டிகிரி. கை விறைத்ததால் கேஜை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன்: 34, 33, 34, 34.

உயரம் சாவியைத் தொடாமல் அளந்தேன். நேற்று இரவைவிட நாலு பக்கமும் 7-லிருந்து 9 மி.மீ. இறங்கியிருக்கிறது, ஒன்றுக்கொன்று 2 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இல்லை. அன்லாக் செய்ததும் சத்தமில்லாமல் ஏறியது. அம்மா பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு "இன்னைக்கு ஒண்ணும் கேக்கல" என்றார்கள்.